பிரேக்கில் சமரசம் வேண்டாம், பில்லில் பயம் வேண்டாம்!

தம்பி, ஓர் எஸ்டிமேட் காகிதம் உன்னைக் குனிய வைக்க நீ விடலாமா?

நடந்தது இதுதானே? மீட்டரில் ஏபிஎஸ் என்ற மஞ்சள் விளக்கு எரிந்தது. எரிந்தது அணையவே இல்லை. வண்டியை சர்வீஸுக்கு விட்டாய். சாயங்காலம் போன் வந்தது. "ஏபிஎஸ் யூனிட் போயிடுச்சு சார், மொத்தமா மாத்தணும்." தொகையும் சொன்னார்கள். ஐந்து இலக்கம். நீ ஒரு மாதம் முழுக்க ஓடிச் சம்பாதிப்பதைத் தின்றுவிடும் ஐந்து இலக்கம். வண்டிக்கான தவணையே இன்னும் முடியவில்லை. சாப்பாடு டெலிவரி செய்து பிழைக்கிறவன் என்றால், வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் உனக்கு வருமானம் இல்லாத நாள்.

அந்த நிமிடத்தில் உன் காதில் இரண்டு குரல் கேட்டிருக்கும். ஒன்று, "நமக்கு என்னப்பா தெரியும், கம்பெனிக்காரன் சொன்னா சரியாத்தான் இருக்கும், எங்கேயாவது புரட்டிக் கட்டிடு" என்றது. இன்னொன்று, "ஃபியூஸைப் புடுங்கிட்டு ஓட்டு மச்சான், அந்தக் காலத்துல ஏபிஎஸ்ஸா வச்சிருந்தாங்க?" என்றது. முதல் குரல் உன் பணத்தைப் பறிக்கும். இரண்டாவது குரல் ஒரு மழை நாளில் உன் உயிரைப் பறிக்கும். இரண்டுமே பயத்தில் பிறந்தவை. விவரம் தெரியாதவன் முதல் குரலுக்குத் தலையாட்டுகிறான். விவரம் தெரிந்துகொள்ள மறுப்பவன் இரண்டாவது குரலுக்குக் கைதட்டுகிறான். நீ இந்த இரண்டு பேரில் ஒருவனாக இருக்கப் பிறந்தவன் இல்லை. நிமிர்ந்து உட்கார். உன் வண்டியை உனக்குத் தெரிய வேண்டும். அந்தத் தெரிதலோடு போய் எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், எதற்காக இந்தப் போராட்டம் என்பதைப் புரிந்துகொள். 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு எல்லா மாநிலங்களையும்விட அதிக விபத்துகள் பதிவானது நம் தமிழ்நாட்டில்தான்: 64,105. இந்த எண்களுக்குள் உன் தெருக்காரன் ஒருவன் இருக்கிறான். யார் என்று உனக்கே தெரியும்.

125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்று அரசு சொன்னது சும்மா இல்லை. 2018 ஏப்ரல் 1 முதல் புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த மாடல்களுக்கும் அது கட்டாயமானது. நாய் குறுக்கே ஓடுகிறது, பஸ் திடீரென்று நிற்கிறது, நீ பதறிப்போய் முன் பிரேக்கை முழுசாகப் பிடிக்கிறாய். சக்கரம் பூட்டிக்கொண்டால் டயர் தேய்ந்தபடி வழுக்கும். உருள்வதை நிறுத்திய முன்சக்கரத்தை வைத்துக்கொண்டு உலகத்தின் எந்த வீரனாலும் வண்டியைத் திருப்ப முடியாது. நிமிர்த்திப் பிடிக்கவும் முடியாது. அந்த ஒரு நொடியில் சக்கரம் பூட்டாமல் காப்பதற்காகத்தான் ஏபிஎஸ். அதைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்காதே.

இப்போது அதன் உள்ளே பார்ப்போம். பயப்படாதே, இதில் உனக்குப் புரியாதது எதுவும் இல்லை.

சக்கரத்தின் நடுவில், டிஸ்க் ஓரமாக, பல் பல்லாகவோ ஓட்டை ஓட்டையாகவோ ஒரு வளையம் இருக்கும். அதுதான் ஏபிஎஸ் ரிங். அதற்கு எதிரே நூலிழை இடைவெளியில் ஒரு சென்சார் இருக்கும். பல மாடல்களில் அந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். வளையம் சுழலச் சுழல, சென்சார் சக்கரத்தின் வேகத்தை எண்ணிச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு வயர், வண்டியின் நடுவே சீட்டுக்கோ டேங்குக்கோ அடியில் உள்ள யூனிட்டுக்குப் போகும். யூனிட் என்பது இரண்டு பொருள்களின் சேர்க்கை. ஒன்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர். இன்னொன்று பிரேக் ஆயில் ஓடும் அலுமினியக் கட்டை. அந்தக் கட்டைக்குள் வால்வுகளும் ஒரு சின்ன மோட்டார் பம்பும் இருக்கின்றன. சக்கரம் பூட்டப்போகிறது என்று கணக்கு சொன்னதும் வால்வு அழுத்தத்தை விடும், பிடிக்கும், மறுபடி விடும். ஒரு நொடிக்குள் பல தடவை. உன் விரலுக்குக் கீழே லீவர் கிடுகிடுவென்று துடிப்பது இதனால்தான். அது கோளாறு இல்லை. அது உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் சத்தம்.

இதில் எத்தனை கண்ணி இருக்கிறது என்று பார்த்தாயா? ரிங், சென்சார், வயர், கப்ளர், ஃபியூஸ், பேட்டரி, யூனிட். மஞ்சள் விளக்கு இவற்றில் எது போனாலும் எரியும். எது போனது என்று அந்த விளக்கு மட்டும் சொல்லாது. இந்த வரிசையில் மிகவும் விலை கூடியது யூனிட். மற்றவை எல்லாம் சேர்ந்தாலும் அதன் விலையை நெருங்காது. அப்படியிருக்க, பார்த்த மாத்திரத்தில் யூனிட்டை மாற்று என்று சொல்வது என்ன நியாயம்? ஜுரம் என்று போனவனுக்குத் தெர்மாமீட்டர்கூட வைக்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதை நீ ஒப்புக்கொள்வாயா? அங்கே கேள்வி கேட்பவன் இங்கே ஏன் வாய் மூடி நிற்கிறாய்?

எல்லா ஷோரூமும் ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக உழைக்கும் டெக்னீஷியன்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் நெருக்கடி உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும். வயரிங்கை ஒவ்வொரு அங்குலமாகத் தேடிப் பார்க்க நேரம் இல்லை. யூனிட்டின் உள்பாகங்களைத் தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தனியாக விற்பதில்லை. அதனால் "மொத்தமா மாத்து" என்பது அவர்களுக்குச் சுலபமான பதில். அவர்களுடைய சுலபத்துக்கு உன் மாதச் சம்பளம் விலையாக வேண்டுமா? அதைத்தான் கேட்கிறேன்.

வண்டியை விடுவதற்கு முன்பே நீ பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஒரு மாலைப் பொழுது போதும்.

சாவி போட்டதும் விளக்கு எரிவது இயல்பு. வண்டி நிற்கும்போது அது எரிந்துகொண்டேதான் இருக்கும். கொஞ்சம் நகர்ந்து வேகம் எடுத்த பிறகுதான் சுயபரிசோதனை முடிந்து அணையும். இதுகூடத் தெரியாமல் புது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. இன்னொரு விஷயம் கேள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, செயினுக்கு ஆயில் விடப் பின்சக்கரத்தை எஞ்சினால் ஓடவிட்டால், முன்சக்கரம் நிற்கிறது, பின்சக்கரம் சுழல்கிறது என்று யூனிட் குழம்பி விளக்கைப் போட்டுவிடும். பல வண்டிகளின் கையேட்டிலேயே இது எழுதியிருக்கிறது. சாவியை அணைத்துப் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார். அணைந்துவிட்டால் விஷயம் முடிந்தது. செலவு பூஜ்ஜியம்.

அணையவில்லையா? கடைசியாகச் சக்கரத்தை யார் கழற்றினார்கள் என்று யோசி. ஏபிஎஸ் விளக்கு எரிவதற்குப் பஞ்சர் கடையும் ஒரு காரணமாக இருக்கலாம். டியூப் உள்ள டயர் என்றால் பல நேரம் சக்கரத்தைக் கழற்றுவார்கள். கழற்றிய சக்கரத்தை ரிங் இருக்கும் பக்கம் தரையில் படுக்கப்போட்டு, மேலே ஏறி நின்று டயரைப் பிதுக்கினால் ரிங் நெளியாமல் என்ன செய்யும்? மாட்டும்போது சென்சார் வயரை ஃபோர்க்குக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே நசுக்கிவிடுவதும் நடக்கும். பஞ்சர் ஒட்டும் அண்ணன் மேல் கோபப்படாதே. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த தடவை பக்கத்தில் நின்று, "அண்ணே, இந்தப் பக்கம் ஏபிஎஸ் ரிங் இருக்கு, மேல் பக்கமா வச்சுக்கோங்க" என்று சொல். மரியாதையாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

பிறகு குனிந்து சென்சாரைப் பார். சேறும், பிரேக் பேடிலிருந்து உதிரும் இரும்புத் தூளும் அதன் முகத்தில் அப்பிக்கொண்டிருக்கலாம். ஈரத் துணியால் துடை. ரிங்கைச் சுற்றிப் பார்த்து, எங்கேயாவது பல் வளைந்திருக்கிறதா, கல் சிக்கியிருக்கிறதா என்று தேடு. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஆடுகிற சக்கரம் அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைக் குலைத்துவிடும். வயரை மேலிருந்து கீழ் வரை விரலால் தடவிக்கொண்டே போ. எலி கடித்த இடம் விரலுக்குத் தட்டுப்படும். கிராமமோ அடுக்குமாடியோ, நிறுத்திவைத்த வண்டிக்குள் எலி புகாத ஊர் நம்மிடம் இல்லை. கப்ளரைக் கழற்றிப் பார். வாட்டர் சர்வீஸில் பீய்ச்சிய தண்ணீர் உள்ளே போய்ப் பச்சை பூத்திருக்கும். ஃபியூஸைப் பார். பேட்டரியைச் சோதி, செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் படுத்துக்கொண்டால் ஏபிஎஸ் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போதாமல் அது கோளாறு என்று பதிந்துகொள்ளும். முன்னும் பின்னும் கம்பெனி சொன்ன அளவில்தான் டயர் இருக்கிறதா? அழகுக்காகப் பட்டையான டயர் மாற்றியிருந்தால், இரண்டு சக்கரக் கணக்கும் ஒத்துப்போகாமல் விளக்கு எரியலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சுத்தம் செய்வது, பார்ப்பது, சோதிப்பது உன் வேலை. பிரேக் ஆயில் ஓடும் குழாயைக் கழற்றுவது உன் வேலை இல்லை. அங்கே காற்று புகுந்துவிட்டால், பல மாடல்களில் கம்ப்யூட்டர் கருவியை மாட்டி உள்ளே உள்ள பம்பை ஓடவிட்டால்தான் முழுசாக வெளியேறும். லீவர் சொதசொதவென்று அமுங்கினாலோ, எங்கேயாவது ஆயில் கசிந்தாலோ வண்டியை ஓட்டாதே. அது ஏபிஎஸ் விளக்கு விவகாரம் இல்லை. பிரேக்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இத்தனையும் பார்த்தும் விளக்கு அணையவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்குப் போ. இம்முறை வேறு ஆளாகப் போகிறாய். சர்வீஸ் அட்வைசர் வருவார். அவரிடம் இப்படிக் கேள்: "சார், கருவி மாட்டி எரர் கோடு எடுங்க. என்ன கோடுன்னு எனக்குக் காட்டுங்க. முன் சென்சாரா, பின் சென்சாரா, பம்ப் மோட்டாரா, வால்வான்னு அதுல வரும். அதுக்கப்புறம் எஸ்டிமேட் பேசலாம்." குரலை உயர்த்த வேண்டியதில்லை. பணிந்து கெஞ்சவும் வேண்டாம். கோடு எடுக்கக் கட்டணம் உண்டு என்றால் தயங்காமல் கொடு. உன் பணத்தில் அதைவிட நல்ல செலவு அன்றைக்கு வேறு இருக்காது. கோடு முன் சென்சார் என்று சொன்னால், "சென்சார்னு கோடு வருதே சார், யூனிட்டை எதுக்கு மாத்தணும்?" என்று கேள். பதில் இருந்தால் சொல்வார்கள். இல்லாவிட்டால் எஸ்டிமேட் மாறும். கோடு சென்சார் பெயரைச் சொன்னாலும் குற்றவாளி சென்சார்தான் என்று முடிவுகட்டிவிட முடியாது என்பதையும் தெரிந்துகொள். அறுந்த வயருக்கும் அதே கோடுதான் வரும். ஆகவே புது சென்சார் வாங்குவதற்கு முன் வயரில் தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்தார்களா என்றும் கேள்.

தங்கச்சி, உனக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீ கொண்டுவந்த வண்டி. நீ கட்டுகிற தவணை. ஆனால் சிலர் உன் முகத்தைப் பார்க்காமல், பின்னால் நிற்கும் அண்ணனிடமோ கணவரிடமோ விளக்கம் சொல்வார்கள். அந்த இடத்தில் ஒதுங்காதே. "வண்டி என்னோடது, எங்கிட்ட சொல்லுங்க" என்று சொல். ஏபிஎஸ் ரிங் எங்கே இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டு. அந்த ஒரு விரல் நீட்டலில் அவர்கள் பேசுகிற தொனி மாறுவதை நீயே கண்ணால் பார்ப்பாய்.

இந்த விலையுயர்ந்த கோளாறு நமக்கு மட்டும் வந்ததில்லை. மின்னணு ஏபிஎஸ் பொருத்திய பைக் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 1988இல், ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ கே100. அந்த அமைப்பின் எடை ஏறத்தாழ பதினொரு கிலோ. இன்றைக்கு உன் சீட்டுக்கு அடியில் இருப்பது ஒரு கிலோகூட இருக்காது. இடையில், 2001இல், அதே நிறுவனம் இன்னொரு அமைப்பைக் கொண்டுவந்தது. லீவரை லேசாகத் தொட்டதும் மின்மோட்டார் பம்பு உறுமிக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டும். அபாரமான பிரேக். ஆனால் அந்த மோட்டார் செத்தால், பலம் முழுக்கத் திரட்டி அழுத்தினால்தான் வண்டி நிற்கும். சில வருடங்களில் அந்த ஏற்பாட்டையே கைவிட்டு, மோட்டார் உதவி இல்லாத வேறு அமைப்புக்கு நிறுவனம் மாறிவிட்டது. வாங்கியவர்கள் கதி? வண்டி பழசாகி மதிப்பு இறங்கிவிட்டது. புது யூனிட்டின் விலை இறங்கவில்லை. பிரேக் பாகத்துக்காக வண்டியையே தூக்கிப்போட வேண்டிய நிலை. அப்போது அவர்கள் என்ன செய்தார்கள்? பழுதான யூனிட்டைத் திறந்து பார்க்கத் துணிந்தார்கள். எந்தப் பாகம் போகிறது என்று கண்டுபிடித்தார்கள். மாற்றத்தான் முடியும், சரிசெய்ய முடியாது என்று சொல்லப்பட்ட அந்தப் பெட்டியைச் சரிசெய்து கொடுப்பதையே தொழிலாக்கிக்கொண்ட சிறு பட்டறைகள் வெவ்வேறு நாடுகளில் எழுந்தன. முடியாது என்ற சொல்லை அந்த மெக்கானிக்குகள் ஏற்கவில்லை.

நம்முடைய வண்டிகளில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. இன்றைய ஏபிஎஸ்ஸில் கோளாறு வந்தால் அது தன்னை ஒதுக்கிக்கொள்ளும். சாதாரண பிரேக் வழக்கம்போல வேலை செய்யும். ஆகவே நடுரோட்டில் மஞ்சள் விளக்கு எரிந்ததும் கை நடுங்க வேண்டாம். வண்டியில் பிரேக் இருக்கிறது. சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் காவல் மட்டும் இல்லை. இனி அந்தக் காவல் உன் விரல்தான். முன்னே போகும் வண்டிக்கு இடைவெளியை இரட்டிப்பாக்கு. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முதலில் லேசாக, பிறகு படிப்படியாக அழுத்து. சக்கரம் வழுக்குவது தெரிந்தால் விட்டுப் பிடி. மழையிலும் மணல் படிந்த ரோட்டிலும் ஊர்ந்து போ. சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேரும் வரைக்கும்தான் இந்த ஏற்பாடு. மாதக்கணக்கில் இப்படியே ஓட்டலாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே.

சரி, எல்லாம் சோதித்தாகிவிட்டது. கோடும் பம்ப் மோட்டார் என்கிறது. யூனிட் உண்மையிலேயே செத்துவிட்டது. அப்போது என்ன?

அப்போது மாற்று. இங்கே உன் வீரத்தைக் கஞ்சத்தனத்தில் காட்டாதே. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் விபத்து வண்டியிலிருந்து கழற்றிய யூனிட் மலிவாகக் கிடைக்கலாம். கண்ணாடி வாங்கு, இண்டிகேட்டர் வாங்கு, அங்கே போய்ச் சந்தோஷமாகப் பேரம் பேசு. பிரேக்கின் மூளையை அங்கே வாங்காதே. அது எந்த அடி வாங்கியது, எத்தனை மாதம் ஈரத்தில் கிடந்தது, உன் வண்டிக்கான மென்பொருள்தானா, ஒரு சக்கரத்துக்கான ஒற்றைச் சேனலா, இரண்டுக்குமான இரட்டைச் சேனலா என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் வாரண்டிப் புத்தகத்தைத் திற. நம் ஊரில் விற்கும் பல பைக்குகளுக்கு மூன்று வருடம், ஐந்து வருடம் என்று வாரண்டி உண்டு. உன்னுடையது எதுவரை, எத்தனை கிலோமீட்டர் வரை, எந்தப் பாகத்துக்கு என்று நீயே படி. "அதெல்லாம் முடிஞ்சிருக்கும்" என்று கவுண்டரில் சொல்வதை நம்பித் திரும்பாதே. வாரண்டி முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தால், கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜருக்கு மின்னஞ்சல் எழுது. சர்வீஸ் ஹிஸ்டரியை இணைத்து, விலையில் ஒரு பங்கையாவது கம்பெனி ஏற்கக் கேள். கேட்டவர்களுக்குச் சில நேரம் கிடைக்கிறது. கேட்காதவர்களுக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை. தானாகப் பழுதான பாகத்துக்கு இன்சூரன்ஸில் பணம் வராது. இயந்திர, மின் கோளாறு பாலிசிக்கு வெளியே. ஆனால் வெள்ளத்தில் மூழ்கி யூனிட் கெட்டிருந்தால் கதை வேறு. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்தவர்களுக்கு வெள்ளச் சேதம் அதற்குள் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் எத்தனை வண்டிகள் நீரில் நின்றன! அப்படி நின்ற வண்டியைக் கிளப்பாமல் போட்டோ எடுத்து, முதலில் இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்ததும் பழைய யூனிட்டைக் கையில் கேள். பில்லில் பாகம் தனி, கூலி தனி என்று எழுதி வாங்கு. பொய் சொல்லிப் பாகம் மாற்றியது தெரிந்தால் சும்மா விடாதே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உனக்காகத்தான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீயே மனு போடலாம். நீ கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டது என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். ஜாப் கார்டு, எஸ்டிமேட், பில், எரர் கோடின் போட்டோ: இந்த நான்கும் உன் கையில் இருந்தால் உன்னிடம் பேசுகிறவர்கள் அளந்து பேசுவார்கள்.

இப்போது, யூனிட் சாகாமல் பார்த்துக்கொள்ளும் வழி. இதைத்தான் நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. பிரேக் ஆயிலை மாற்று! எஞ்சின் ஆயிலுக்குக் கணக்குப் பார்த்து மாற்றுகிறவன், பிரேக் ஆயில் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறான். டாட் 3, டாட் 4 என்று மூடியில் எழுதியிருக்கும் அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்தத் தாங்கும் அளவு 155 டிகிரிக்கு இறங்கலாம். கொல்லிமலையின் கொண்டை ஊசிகளில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கும்போது ஆயில் கொதித்து, லீவர் கைப்பிடி வரை போய் ஒட்டிக்கொண்டால் அதற்கு இதுவும் ஒரு காரணம். அதே ஈரம் யூனிட்டின் நுண்ணிய வால்வுகளை அரித்துச் சிக்க வைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லித்தான் பல கையேடுகள் சொல்கின்றன. செலவு சில நூறு ரூபாய். அதை மிச்சம் பிடித்துவிட்டுப் பிறகு ஐந்து இலக்க பில்லைப் பார்த்து விதியை நொந்துகொள்வதா? மூடியைப் பார். உள்ளே ஆயில் தேன் நிறத்தைத் தாண்டிக் காப்பி நிறத்துக்குப் போயிருந்தால் இந்த வாரமே மாற்று.

ஐடிஐ முடித்துவிட்டு, மரத்தடியிலோ ஒரு சின்ன ஷெட்டிலோ ஸ்பேனர் பிடித்து நிற்கும் தம்பி, உன்னிடமும் எனக்குப் பேச்சு இருக்கிறது. ஏபிஎஸ் வண்டி வந்தாலே "இது கம்பெனிக்குத்தான் போகணும்ணே" என்று அனுப்பிவிடுகிறாய். கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டிய கைகள் உன்னுடையவை. ஒரு மல்டிமீட்டரும், கோடு படிக்கும் கருவியும், வண்டியின் வயரிங் வரைபடமும் உனக்கு எட்டாத பொருள்களா? ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் 2011இலேயே அப்பாச்சியில் ஏபிஎஸ்ஸைக் கொடுத்துவிட்டது. நம் மண்ணில் தயாராகும் வண்டியைச் சரிபார்க்க நம் மண்ணின் மெக்கானிக் ஏன் தயங்க வேண்டும்? 2019க்குப் பிறகு விற்ற, 125 சிசிக்கு மேற்பட்ட ஒவ்வொரு பைக்கிலும் இது இருக்கிறது. அந்த வண்டிகள் எல்லாம் வாரண்டி முடிந்து உன் ஷெட்டைத் தேடித்தான் வரப்போகின்றன. கற்றுக்கொள். தெரியாததைத் தெரியாது என்று சொல், ஆனால் அடுத்த மாதமும் அதையே சொல்லாதே. உன் பக்கத்துத் தெரு டெலிவரிப் பையனின் ஒரு மாதச் சம்பளத்தை நசுங்கிய ஒரு வயரைக் கண்டுபிடித்துக் காப்பாற்றுகிற அந்த நாளில் உன் தொழில் மேல் உனக்கு வரும் மரியாதை இருக்கிறதே, அதை வேறு யாரும் உனக்குக் கொடுக்க முடியாது.

வண்டி சரியாகிவிட்டது என்று போன் வந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு ஓடிவராதே. டெக்னீஷியனையும் கூட்டிக்கொண்டு போய் ஓட்டிப் பார். மஞ்சள் விளக்கு நகர்ந்ததும் அணைகிறதா, அடுத்த சில கிலோமீட்டரில் மறுபடி வருகிறதா என்று பார். லீவர் கெட்டியாக நிற்கிறதா என்று பிடித்துப் பார். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத நேரான இடத்தில், குறைந்த வேகத்தில், அவரையே ஓட்டி அழுத்திப் பிரேக் பிடித்துக் காட்டச் சொல். ஏபிஎஸ் உள்ள சக்கரம் பூட்டாமல் விட்டுவிட்டு உருண்டு நிற்க வேண்டும். லீவரில் அந்தத் துடிப்பு வந்ததா என்று அவரிடம் கேள். வரவில்லை என்றால் வண்டியைத் திரும்ப உள்ளே விடச் சொல்லிவிட்டு, பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சரியாகும் வரை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்.